ஞானப்பல்லும் ஆச்சியின் கண்ணும்

எட்டாம் வகுப்பு இலக்கணத்தில் எழுத்துகளின் பிறப்பு வரும். ப, ம இரண்டும் மேலுதடும் கீழுதடும் பொருந்தப் பிறக்கும். வ, மேற்பல் கீழுதட்டைத் தொடப் பிறக்கும். எட்டு வருடமாக நடத்துகிற பாடம். உதட்டில் விரல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பாருங்கள் என்பேன். வகுப்பே "ப… ப…" என்று முழங்கும். 2023 ஜூலையில் அதே பாடத்தை எடுத்தபோது என் கீழுதட்டின் இடது பாதியும் மோவாயின் இடது பக்கமும் மரத்துக் கிடந்தன. "அப்பா" என்று சொல்லிக் காட்டினேன். ஒலி சரியாகத்தான் வந்தது. ஆனால் உதடு உதட்டைத் தொட்டது நடுக்கோடு வரைக்கும்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. பிள்ளைகளுக்கு எந்த வித்தியாசமும் படவில்லை. உதட்டை அசைக்கிற நரம்பு வேறு, உதட்டுக்கு உணர்வு கொடுக்கிற நரம்பு வேறு. எனக்கு அடிபட்டது இரண்டாவது நரம்பு. என் வாயில் பிறக்கிற எழுத்தை என் உதடே அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே மாத விடுமுறையில் ஞானப்பல்லை ஆப்பரேசன் செய்து எடுத்ததால் வந்தது இது. ஆசிரியர் அறையில் விஷயம் தெரிந்ததும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அந்த டாக்டரைச் சும்மாவா விட்டீங்க டீச்சர்?" அந்த டாக்டர் மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கோபம் இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. அதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

ஆறு முறை மாத்திரை

முதல் தடவை கடைவாய் வீங்கியபோது எனக்கு வயது இருபத்தேழு. இடது கீழ்த்தாடையின் கோடியில் பல் பாதி வெளியே, பாதி ஈறுக்குள். அந்த ஈறு மடல்போல் பல்லின் மேல் படர்ந்திருந்தது. அதன் அடியில் சோற்றுப் பருக்கை போனால் எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. அது அங்கேயே கிடந்து அழுகும், சீழ் வைக்கும், வாய் திறக்காது. சாதாரணமாக நம் விரல் மூன்றை அடுக்கி வாய்க்குள் விடலாம். எனக்கு ஒரு விரல்தான் போனது. இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்தேன். பக்கத்தில் இருந்த பல் ஆஸ்பத்திரியில், "ஞானப்பல் முளைக்குது, அவ்வளவுதான்" என்று ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. எட்டு மாதத்தில் திரும்ப வந்தது. இப்படி நான்கு வருடத்தில் ஆறு முறை. ஒருமுறைகூட தாடையை முழுதாக எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவில்லை, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை. மாத்திரை கேட்டது, வலி போனது, பள்ளிக்கூடம் போனேன்.

நான் கேட்காமல் இருந்ததற்கு அம்மாவும் ஒரு காரணம். பல்லைப் பிடுங்குவது என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு முகம் மாறிவிடும். "வேண்டாம்ட்டி. பல்லுல கை வச்சா கண்ணு போயிரும். எங்க அம்மைக்குப் போன மாதிரி." எங்கள் பக்கம் இதைச் சொல்லாத வீடு கிடையாது, அதிலும் மேல்வாய்ப் பல் என்றால் நிச்சயம் கண் நரம்பில்தான் போய் முடியும் என்பார்கள். நான் எம்.ஏ., பி.எட். படித்தவள். "மூடநம்பிக்கைம்மா" என்று ஒரே வார்த்தையில் அவள் வாயை அடைத்துவிடுவேன். அவள் பேசாமல் போய்விடுவாள். பயம் மட்டும் அவளிடம் அப்படியே இருந்தது. உள்ளூர எனக்கும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

ஆறாவது தடவை வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கியது. எச்சில் விழுங்கவே சிரமமாகிவிட்டது. அந்த ராத்திரிதான் பயந்தேன். திருநெல்வேலி டவுனில் இன்னொரு பல் ஆஸ்பத்திரிக்குச் செவ்வாயும் வெள்ளியும் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சைக்கென்றே படித்த எம்.டி.எஸ். டாக்டர் ஒருவர் வருகிறார் என்றார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"யாருக்கும்மா அப்படி ஆச்சு?"

டாக்டர் என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். முதலில் வீக்கத்துக்கு மருந்து கொடுத்து, வடிந்த பிறகு தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். சீட்டில் 38 என்று எழுதியிருந்தது. முப்பத்தெட்டு இல்லையாம், மூன்று எட்டு. வாயை நான்காகப் பிரித்தால் இடது கீழ்ப்பகுதி மூன்றாவது. நடுப்பல்லிலிருந்து எண்ணினால் கடைசியில் நிற்பது எட்டாவது. படத்தில் அந்தப் பல் நிற்கவில்லை, முன்பக்கம் சாய்ந்து தன் தலையை அடுத்த பல்லின் இடுப்பில் முட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த 28 இறங்கி வந்து, வீங்கிய ஈறையே தினமும் கடித்துக்கொண்டிருந்தது. நான்கு வருடம் மாத்திரை ஏன் நிற்கவில்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

அவர் பென்சிலை எடுத்தார். தாடை எலும்புக்குள் மெல்லிய இரண்டு வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடுவதைப் பின்பக்கத்திலிருந்து தொட்டுக்கொண்டே வந்தார். "டீச்சர், இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுலதான் உங்க கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் போற நரம்பு ஓடுது. இங்க பாருங்க, உங்க பல்லோட வேர் வர்ற இடத்துல மேல்கோடு மறையுது, வேரும் கறுத்துத் தெரியுது. வேர் நரம்புக் குழாயை ஒட்டி இருக்குன்னு அர்த்தம். எடுக்கும்போது நரம்பு நசுங்கலாம். நசுங்கினா உதடு மரத்துப்போகும். பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல, சில மாசத்துல திரும்ப வந்துரும். ரொம்பச் சிலருக்கு வராமலே நின்னுரும். உங்களுக்கு வேர் இவ்வளவு பக்கத்துல இருக்கிறதால மத்தவங்களைவிட வாய்ப்பு கூடுதல். வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அப்புறம் மற்ற வழிகளைச் சொன்னார். இப்படியே விட்டால் மறுபடி சீழ் வைக்கும். கழுத்துக்குள் இறங்கினால் மூச்சையே அடைக்கும். பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நரம்பை ஒட்டிய வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் என் பல்லில் சொத்தை ஆழமாக இறங்கிவிட்டதால் அது எனக்கு ஒத்துவராது. வலது பக்கத்து ஞானப்பற்கள் இரண்டும் நேராக முளைத்துத் தொந்தரவில்லாமல் இருப்பதால் அவற்றைத் தொடமாட்டேன் என்றார். தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் 2000-லேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லா ஞானப்பல்லையும் பிடுங்க வேண்டும் என்பதும், எதையும் பிடுங்கவே கூடாது என்பதும் ஒரே அளவுக்குத் தவறு.

கடைசியில் அவர் செய்ததுதான் என்னை உலுக்கியது. கையெழுத்துத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, பேனாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, "நான் சொன்னதை நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்றார். நான் தினமும் பிள்ளைகளிடம் செய்வது. என்னிடம் யாரும் செய்ததில்லை. சொல்ல ஆரம்பித்தேன். மேல்பல்லையும் எடுப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் நினைவுபடுத்தினார். அந்த இடத்தில் அம்மா குறுக்கே வந்தாள். "மேல்பல்லுமா? கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதாம்மா?"

நான் வழக்கம்போல அவளை அடக்கப் பார்த்தேன். டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினார். "யாருக்கும்மா அப்படி ஆச்சு?"

இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் அம்மாவிடம் கேட்டதில்லை. ஆச்சிக்குக் கண் தெரியாது என்பது எனக்குத் தெரியும்; எப்படிப் போனது என்று முழுதாகக் கேட்டதில்லை. அம்மா சொன்னாள். 1989 கோடையில் ஆச்சிக்கு மேல்வாயில் நான்கு பல்லைப் பிடுங்கினார்கள். அப்போது அவளுக்கு அறுபது வயதிருக்கும். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கி இரண்டு வருடத்தில் வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரிந்தது.

"கண்ணு பார்க்க எப்படி இருந்துச்சு?"

"நடுவுல பால் விழுந்த மாதிரி இருக்கும்."

"எங்க கொண்டுபோய்க் காட்டினீங்க?"

"காட்டலைம்மா. பல்லுப் புடுங்குனதுல நரம்பு செத்துப்போச்சு, இனி வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க. விட்டுட்டோம்."

டாக்டர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் முகத்திலேயே மூன்று விரலை வைத்துக் காட்டினார். ஒன்று நெற்றிக்கு, ஒன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கு. "முகத்துக்கு உணர்வு தர்ற நரம்பு இப்படி மூணா பிரியுதும்மா. பல்லுக்குப் போறதெல்லாம் இதுதான். பார்வைக்கு வேற நரம்பு. அது கண்ணுக்குப் பின்னாடியிருந்து நேரா மூளைக்குப் போகுது. பல்லு எடுக்கும்போது அதுகிட்ட நாங்க போகவே மாட்டோம். பல்லுல சீழ் வச்சு அதைக் கவனிக்காம விட்டாத்தான், எப்பவாவது கண்ணு வரைக்கும் பரவும்." கொஞ்சம் தயங்கி, "வயசானா பல்லும் ஆடும், கண்ணுலயும் புரை விழும். ரெண்டும் ஒரே வயசுல வர்றதால ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு தோணும்" என்றார். அவர் அதற்குமேல் போகவில்லை. மிச்சத்தை அம்மாவே கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

எஸ்.என். ஹைரோடு

டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிற பஸ் எஸ்.என். ஹைரோடு வழியாகத்தான் வரும். ஜங்ஷன் வருவதற்கு முன்னால் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தது. திருநெல்வேலிக்கு 1988-ல் வந்தது. ஆச்சிக்குப் பல் பிடுங்கியதற்கு முந்தின வருடம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் அந்த இடத்தில் நெரிசலில் நின்றது. ஒரு கண்ணை மூடிப் பச்சைத்துணி கட்டிய பெரியவர் ஒருவரைப் பேரன் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அம்மா அதைப் பார்த்தாள். ஆற்றுப் பாலம் தாண்டி வண்ணார்பேட்டை வரைக்கும் வாய் திறக்கவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "ஏட்டி, எங்க அம்மைக்கு இருந்தது புரைதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் கழித்து எப்படிம்மா சொல்ல முடியும் என்று மழுப்பியிருந்தாலும் அதில் பாதி உண்மைதான். ஆனால் அரைமணி நேரத்துக்கு முன்தான் ஒருத்தி, என் உதடு போகலாம் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தாள். "புரையாத்தான் இருந்திருக்கும்மா" என்றேன். "ஆப்பரேசன் பண்ணியிருந்தா?" "தெரிஞ்சிருக்கும்." அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆச்சி 2004-ல் இறந்தாள். பதின்மூன்று வருட இருட்டு. நான் பிறந்தது 1992. அவள் என்னைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை மடியில் இழுத்துப்போட்டு விரலால் பார்ப்பாள். நெற்றி, மூக்கு, கன்னம், அப்புறம் உதட்டைப் பிரித்து ஒவ்வொரு பல்லாகத் தடவி எண்ணுவாள். எந்தப் பால்பல் ஆடுகிறது, எது விழுந்தது, எது முளைக்கிறது என்று அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் மோவாயைப் பிடித்து, பிடித்த விரலைத் தன் உதட்டில் ஒற்றிக்கொள்வாள். வெற்றிலையும் சுண்ணாம்பும் மணக்கிற விரல். இதெல்லாம் எனக்கு இனிமையான நினைவாகத்தான் இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் அதுவே தொண்டையை அடைத்தது. சில மைல் தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தும் அவள் விரலால் பார்க்க வேண்டி வந்திருக்கிறது. யாரும் அவளைக் கொண்டுபோகாததற்குக் காரணம் அன்பில்லாமை இல்லை, காசில்லாமைகூட இல்லை. காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். அதனால் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அழுத்தம் தெரியும், வலி தெரியாது

ஆப்பரேசன் அடுத்த வாரம். முழு மயக்கம் இல்லை, மரத்துப்போகிற ஊசி மட்டும்தான். தாடையின் பின்கோடியில் போடுகிற ஊசி. அதில் இருப்பது லிக்னோகைன், 1943-ல் சுவீடனில் கண்டுபிடித்த மருந்து. கூடவே கொஞ்சம் அட்ரினலின், ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்க. சில நிமிடத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் தடித்துப்போயின. "அழுத்தம் தெரியும், வலி தெரியாது. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்" என்றார். ஒருமுறை தூக்கினேன். சொன்னபடி நிறுத்திவிட்டு இன்னொரு ஊசி போட்டார்.

மேல்பல் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. கீழ்ப்பல்லுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. ஈறைக் கீறி விலக்கி, மேலே மூடிய எலும்பைத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே கடைந்தார். அந்தச் சத்தம் காதுக்கு வெளியிலிருந்து வரவில்லை, மண்டை ஓட்டுக்கு உள்ளேயே கேட்டது. பல்லை முழுதாக எடுக்க முடியாது. தலையையும் வேரையும் தனியாக வெட்டி எடுப்பதால் எலும்பை அதிகம் இழக்க வேண்டியிருக்காது. வெட்டுப்பட்டபோது "டக்" என்ற ஒரு சின்ன அதிர்வு தாடை முழுக்கப் பரவியது. ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அம்மா எழுந்து வந்தாள். வாயைப் பார்க்கவில்லை. என் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி, "இது எத்தனைன்னு சொல்லு" என்றாள். பேச முடியாததால் நானும் நான்கு விரலைக் காட்டினேன். நெஞ்சில் கைவைத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருடத்துப் பயம் ஒரு படத்தையும் மூன்று விரலையும் பார்த்ததும் போய்விடாது. அதை அவள் சரிபார்த்துக்கொண்டாள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அப்புறம் வழக்கமான கதைதான். முதல் நாள் துப்பக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது; குழியில் உறைந்த ரத்தம் கழன்றால் எலும்பு வெறுமனே கிடந்து காதுவரை வலி இழுக்கும். ஆறவைத்த கேப்பைக்கூழ், மோர், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர். ஆனால் ஊசி மருந்து இறங்கிய பிறகும் உதடு திரும்பவில்லை. ராத்திரி டாக்டரே போன் செய்து கேட்டார். இன்னும் மரத்துத்தான் இருக்கிறது என்றேன். "நான் சொன்னேன்ல டீச்சர், அதுதான். பயப்படாதீங்க, வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். "சொன்னேன்ல" என்பதில் தப்பித்துக்கொள்கிற தொனி இல்லை. தெரிந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்பதாகத்தான் எனக்குக் கேட்டது.

பென்சில் கோடு

தையல் பிரிக்கிற அன்று என் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியாலும் ஊசி முனையாலும் தொட்டுத் தொட்டுக் கேட்டு, உணர்வில்லாத இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பி12 மாத்திரை கொடுத்தார். காப்பியின் சூடு உதட்டுக்குத் தெரியாது, வெந்துவிடும், பார்த்துக்குடியுங்கள் என்றார். அன்றிலிருந்து என் காப்பியை அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். ரசம் மோவாயில் வழிந்தால் எனக்குத் தெரியாது. அம்மா கண்ணால் காட்டுவாள், துடைத்துக்கொள்வேன். ஆறாவது வாரம் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. நரம்பு பிழைத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர்.

நோயாளிக்குச் செய்யப்போவது என்ன, வேறு வழி என்ன, ஆபத்து என்ன என்று போதுமான அளவு சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லா ஆஸ்பத்திரியிலும் தாள் இருக்கிறது. முன்பு போன இடத்திலும் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்து, எங்கே போட வேண்டும் என்று மட்டும் விரலால் காட்டினார்கள். அந்த நான்கு வருடத்தின் மேல்தான் எனக்குக் கோபம். ஆச்சிக்குக் காரணம் சொல்லிக் கதவைச் சாத்தியவர்கள் மேலும் கோபம். அம்மாவின் பயத்துக்கு "மூடநம்பிக்கை" என்று பெயர் வைத்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்காத என் மேலும்தான். அவள் சொன்னது தவறு. ஆனால் அது தன் அம்மாவைப் பற்றி அவள் சொல்லிவந்த துக்கம். ஒரு அந்நியப் பெண் நாற்காலியைத் திருப்பிக் கேட்ட பிறகுதான் அது எனக்குக் கேட்டது.

பேனாக்கோடு அழிந்த பிறகு அம்மா அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, சுட்டுவிரலால் மோவாயை ஓரத்திலிருந்து தொட்டுக்கொண்டே வருவாள். "தெரியுதா? இப்போ?" தெரியாத இடம் வந்ததும் கண் மைப் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளிகள் வாராவாரம் உள்ளே நகர்ந்தன. உதடு பதினோராவது வாரம் முழுதாக வந்துவிட்டது. வகுப்பில் "பம்பரம்" என்று சொல்லும்போது இரண்டு பக்கமும் தெரிந்தது. மோவாயில் மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இன்னும் மரத்துக் கிடக்கிறது. போன ஞாயிறு அந்த இடத்தை நான்கு புள்ளி வைத்து முடித்த பிறகு, அம்மா மோவாயைப் பிடித்து, பிடித்த விரலைத் தன் உதட்டில் ஒற்றிக்கொண்டாள். ஆச்சி செய்வாளே, அதே மாதிரி. அவளுக்கு அது தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.